சுரங்கத்தில் தேய்ந்த செவியும் கம்பியில்லாக் குரலும்

கம்பியில்லா ஒலிக்கான தரநிலை என்பது ஒரு பொது உடன்படிக்கை. ஒரு நிறுவனம் செய்த கைப்பேசியும் வேறொரு நிறுவனம் செய்த காதொலிக் கருவியும் ஒன்றையொன்று முன்பின் அறியாமலேயே இணைந்து செயல்படும் பொருட்டு, ஒலியை எவ்வாறு எண்களாக மாற்றுவது, அவ்வெண்களை எந்த அலைவரிசையில் எத்தனை இடைவெளிக்கு ஒருமுறை அனுப்புவது, வழியில் தொலைந்துபோனவற்றை எவ்வாறு ஈடுசெய்வது என்பன போன்ற யாவற்றையும் அது முன்கூட்டியே வகுத்துவைக்கிறது. இதன் வரலாறு பெரும்பாலும் இசை கேட்பவர்களின் பக்கமிருந்தே சொல்லப்பட்டு வருகிறது. பேச்சைக் கேட்க விரும்புவோரின் பக்கமிருந்து, அதிலும் காது மங்கியவர்களின் பக்கமிருந்து அதை அணுகினால், எது முன்னேற்றம், எது வெறும் விற்பனைச் சொல் என்பது தெளிவாகப் பிரிந்துவிடுகிறது. அவ்வாறு அணுகுவதற்குக் கோலார் தங்கவயலின் ஊரிகத்தைவிடப் பொருத்தமான ஊர் தென்னிந்தியாவில் அரிது.

ஊரிகம், சாம்பியன் ரீஃப், மைசூர் மைன், நந்திதுர்க்கம், பாலகாட் என்று பெயர் பெற்ற சுரங்கங்களை 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் நடத்திவந்த காலத்தில், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து வந்து லைன் வீடுகளில் குடியமர்ந்த தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பே இந்நகரத்தை உருவாக்கியது. 1902இல் சிவசமுத்திரம் அருவியில் உற்பத்தியான நீர்மின்சாரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவு கம்பியில் பயணம் செய்து சுரங்கத்தின் இயந்திரங்களை இயக்கத் தொடங்கியது. கம்பியின் வழியே ஆற்றலும் சைகையும் நெடுந்தொலைவு செல்ல முடியும் என்பதை இவ்வூர் மற்றப் பல ஊர்களுக்கு முன்பே கண்டுகொண்டது. கம்பியில்லா அலை அங்கே சுரங்க வாயிலோடு நின்றுவிட்டது. வானொலி அலைகளைக் கெட்டிப் பாறை விரைவிலேயே உறிஞ்சிவிடுவதால், மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் கொண்ட சாம்பியன் ரீஃபின் அடித்தளத்திலிருந்து மேலே செய்தி வர வேண்டுமானால் மணிக்கம்பியோ தொலைபேசிக் கம்பியோ இன்றியமையாததாக இருந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், தொழிலாளர் குடும்பங்களின் அடுத்த தலைமுறை மாரிக்குப்பம், சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் நிலையங்களில் ரயிலேறி, பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்பும் தலைமுறையாக மாறியது. விடியலுக்கு முன் புறப்பட்டு இரவில் திரும்பும் அந்தப் பெட்டிகளில் காதில் இயர்பட் இல்லாத இளைஞரைக் காண்பது இன்று எளிதன்று. அவர்கள் திரும்பி வரும் வீடுகளிலோ, துளைக்கருவியின் ஓசையில் பல ஆண்டுகள் நின்றதால் செவிப்புலன் தேய்ந்த முதியவர்கள் இருக்கிறார்கள்.

இந்தத் தேய்மானத்தின் இயல்பை முதலில் விளக்கிவிட வேண்டும். அழுத்தக் காற்றால் இயங்கும் பாறைத் துளைக்கருவி நூறு டெசிபெலுக்கு மேற்பட்ட ஓசையை எழுப்புவது. டெசிபெல் என்பது ஒலியின் வலிமையை மடக்கை அளவில் குறிக்கும் அலகாதலால், பத்து டெசிபெல் கூடும்போது ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. சுரங்கப் பாதுகாப்புக்கான தலைமை இயக்ககம் 1975இல் வெளியிட்ட சுற்றறிக்கை 85 டெசிபெலை எச்சரிக்கை எல்லையாகவும் 90 டெசிபெலை அபாய எல்லையாகவும் வகுத்தது. ஆயினும் ஓசையால் விளையும் செவித்திறன் இழப்பு, 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட தொழில்நோய்களின் பட்டியலில் 2011இல்தான் இடம்பெற்றது. அதற்குள் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டுப் பத்தாண்டுகள் ஆகிவிட்டன என்பது வருந்தத்தக்க உண்மை. இவ்வகை இழப்பு எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. உட்செவியின் நத்தை எலும்பில் உள்ள மயிரணுக்களில், ஒரு நொடிக்கு நாலாயிரம் அதிர்வுகள் அளவிலான, அதாவது 4 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை உணரும் பகுதியே முதலில் சிதைகிறது. ஆகவே பாதிக்கப்பட்டவர் ‘சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை’ என்று சொல்வார். வீட்டார் அதைக் கவனக்குறைவு என்று எண்ணிக் குரலை உயர்த்துவார்கள். உயிரொலிகளின் வலிமை உயருமே அன்றி, சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டும் மெய்யொலிகள் தெளிவடைவதில்லை.

இதே உயர் அதிர்வெண்களைத் தொலைபேசியும் நெடுங்காலம் வெட்டி எறிந்து வந்தது. கம்பித் தொலைபேசிக் காலத்தில் வகுக்கப்பட்ட ஒலிப்பட்டை 300 ஹெர்ட்ஸில் தொடங்கி 3,400 ஹெர்ட்ஸில் முடிவது. அந்தப் பட்டையை எண்மமாக்கிய 1972ஆம் ஆண்டின் தரநிலை, ஒலியை நொடிக்கு 8,000 முறை அளந்து, 64 கிலோபிட் வேகத்தில் அனுப்பியது. தமிழின் ல, ள, ழ ஆகியவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் ஒலித்திரட்சிகள் பெரும்பாலும் 3 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே அமைவதால், பழைய தொலைபேசியிலும் ‘கிளி’யும் ‘கிழி’யும் வேறாகக் கேட்டன. உரசொலிகளின் நிலை வேறு. ‘ஸ்’ என்னும் ஒலியின் ஆற்றல் பெரும்பகுதி 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே, பெண்களின் குரலிலும் குழந்தைகளின் குரலிலும் இன்னும் உயரத்தில் இருக்கிறது. ‘ஃப்’ ஒலியோ வலிமை குன்றியும் பரந்தும் கிடப்பது. இரண்டும் பழைய பட்டையில் ஏறத்தாழ ஒரே மூச்சொலியாகக் குறுகிவிடுகின்றன. வங்கியிலிருந்து வரும் எண்களையும் ஆதார் எண்ணையும் தமிழர்கள் பெரும்பாலும் ஆங்கில எண்ணுப்பெயர்களிலேயே தொலைபேசியில் ஒப்பிக்கும் இக்காலத்தில், ‘ஃபிஃப்டி’யா ‘சிக்ஸ்டி’யா என்ற மயக்கம் முதியவர் ஒருவருக்குப் பண இழப்பாகவே முடியக்கூடும். தொலைபேசி வெட்டிய அதே இடத்தில் சுரங்கமும் செவியைத் தேய்த்திருக்க, இரண்டும் சேர்ந்து ஒருவரது உரையாடலைத் திருடிக்கொண்டன எனலாம்.

புளூடூத் என்னும் குறுந்தொலைவு வானொலி முறை இந்தப் பழைய எல்லையை அப்படியே வாங்கிக்கொண்டுதான் பிறந்தது. சுவீடனின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனத்தில் 1994இல் யாப் ஹார்ட்சன் முதலானோர் தொடங்கிய இந்தப் பணி, 1998இல் எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐபிஎம், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் சேர்ந்த குழுமமாக வளர்ந்து, மறு ஆண்டு முதல் தரநிலையை வெளியிட்டது. உரிமம் இன்றிப் பயன்படுத்தத்தக்க 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியை 79 தடங்களாகப் பிரித்து, நொடிக்கு 1,600 முறை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிச் செல்வது அதன் முறை. இடையூறுள்ள தடத்தில் சிக்கினாலும் அடுத்த நொடித்துளியில் வேறு தடத்துக்குப் போய்விடலாம் என்பது அதன் தத்துவம். இந்தியாவில் இப்பகுதியைக் குறைந்த ஆற்றல் கருவிகள் உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்னும் விதி 2005 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது.

அந்த முதல் தரநிலையில் பேச்சுக்கு ஒதுக்கப்பட்ட வழி 64 கிலோபிட் அகலம் கொண்டது. அதில் பயன்பட்ட குறியாக்க முறை ஒலியலையின் ஒவ்வொரு புள்ளியிலும் ‘முந்தியதைவிட மேலே’ அல்லது ‘முந்தியதைவிடக் கீழே’ என்ற ஒரே ஒரு பிட்டை மட்டும் அனுப்பி, தொடர்ந்து ஒரே திசையில் சென்றால் படியின் உயரத்தைக் கூட்டிக்கொள்வது. இரைச்சலை ஓரளவு தாங்கக்கூடிய எளிய முறைதான்; ஆனால் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் அது கொண்டு செல்லாது. தொலைந்த பொதியை மீண்டும் கேட்டுப் பெறும் வசதியும் முதலில் இல்லை. 2003இல் வந்த 1.2 பதிப்பே வரையறைக்குட்பட்ட மறு அனுப்புதலையும், வைஃபை ஆக்கிரமித்த தடங்களை ஒதுக்கித் தாவும் முறையையும் கொண்டுவந்தது. நெரிசலான ரயில் பெட்டியில் ஹெட்செட்டில் பேசுவோருக்குக் குரல் துண்டுதுண்டாகக் கேட்பதன் காரணமும் இங்கே விளங்கும். மனித உடல் பெரும்பாலும் நீராலானது, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அது நன்றாகவே உறிஞ்சுகிறது. வலப்புறக் கால்சட்டைப் பையில் கைப்பேசியும் இடக்காதில் ஹெட்செட்டும் இருக்க, இடையில் அவரது உடலும் அவரை நெருக்கி நிற்பவர்களின் உடல்களும் நிற்கும்போது, திறந்த அறையில் சுவரில் பட்டுத் திரும்பி உதவும் அலைகளும் அப்பெட்டிக்குள் மெலிந்துபோகின்றன.

பேச்சு இந்நிலையில் இருக்க, இசைக்கு 2003இலேயே தனி ஒழுங்குமுறை வந்துவிட்டது. எஸ்பிசி என்னும் குறியாக்கியால், அதாவது ஒலியைச் சுருக்கி அனுப்பிப் பின் விரிக்கும் கோடெக்கால், ஏறத்தாழ 328 கிலோபிட் வேகத்தில் இரு காதுகளுக்குமான இசையை அது அனுப்பியது. அவ்வழி ஒருதிசை வழி. கேட்க மட்டுமே இயலும். எனவே பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அழைப்பு வந்ததும், ஹெட்செட் இசைக்கான வழியை மூடிவிட்டுப் பேச்சுக்கான பழைய வழிக்கு இறங்க வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கருவியும் அழைப்பின்போது மட்டும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிப்பதற்குக் கருவியின் தரக்குறைவு காரணமன்று. தரநிலையே பேச்சை இரண்டாம் இடத்தில் வைத்திருந்தது. இசைக்கு அடுத்தடுத்துப் புதிய குறியாக்கிகளை நிறுவனங்கள் போட்டியிட்டுக் கொணர்ந்த ஆண்டுகளில், பேச்சுக்கு 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரியெடுப்பு, அதாவது நொடிக்கு 16,000 அளவைகள், 2011இல்தான் கிடைத்தது. எஸ்பிசியையே சற்று மாற்றி அதே 64 கிலோபிட் வழியில் அடக்கிய அந்த ஏற்பாட்டினால் ஒலிப்பட்டை 7 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு விரிந்தது.

விரிந்த பட்டையால் பயன் விளைய வேண்டுமானால் கைப்பேசி வலையமைப்பும் அதைத் தாங்க வேண்டும். சங்கிலியின் எந்தக் கண்ணியில் பட்டை குறுகினாலும் இறுதியில் கேட்பது குறுகிய பட்டையே. 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரையிலான குரலைக் கைப்பேசியில் கொண்டுசெல்லும் தரநிலை 2001ஆம் ஆண்டு வாக்கிலேயே வகுக்கப்பட்டிருந்த போதிலும், இந்தியாவில் அது பரவலான வழக்குக்கு வந்தது 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் குரல் அழைப்பையும் 4ஜி தரவு வலையமைப்பின் வழியாகவே நடத்தத் தொடங்கிய பின்னர்தான். அதற்குள் அடுத்த தலைமுறைக் குறியாக்க முறை 2014இலேயே வரையறுக்கப்பட்டு, 20 கிலோஹெர்ட்ஸ் வரையிலான முழு ஒலிப்பட்டைக்கும் வழி திறந்திருந்தது. வலையமைப்பு முன்னே சென்றுவிட, காதுக்கும் பைக்கும் இடையிலுள்ள ஒரு மீட்டர் தொலைவே குறுகலான கண்ணியாக எஞ்சியது என்பது இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய திருப்பம்.

அந்தக் கண்ணியை உடைத்தவர்கள் இசைக்கருவி விற்பனையாளர்கள் அல்லர். செவித்துணைக் கருவி செய்பவர்கள். தங்கவயலில் ‘காது மெஷின்’ என்று வழங்கும் அக்கருவி, பட்டாணி அளவேயான மின்கலத்தில் பல நாட்கள் இயங்க வேண்டியது. பழைய புளூடூத்தின் மின்செலவை அது தாங்காது. தொலைபேசியை அதன் அருகே கொண்டுவந்தால் ஒலிபெருக்கியிலிருந்து வெளிவரும் ஒலி மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுந்து கீச்சென்று கத்தும். இதைத் தவிர்க்கக் கருவிக்குள் ஒரு சிறு சுருள் வைத்து, அரங்குகளின் தரையில் பதித்த கம்பி வளையத்தின் காந்தப்புலத்தால் ஒலியைப் பெறும் முறை மேனாடுகளில் பரவியது. இந்திய அரங்குகளில் அது வேரூன்றவில்லை. 2010இல் குறைந்த மின்செலவுப் புளூடூத் வந்தபோது அதில் ஒலிக்கு இடமே வைக்கப்படவில்லை. ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன்களுக்கென்றும், பின்னர் கூகுள் ஆண்ட்ராய்டு கருவிகளுக்கென்றும் தத்தம் தனி முறைகளை உருவாக்கின. ஒரு கைப்பேசியோடு இணையும் காது மெஷின் இன்னொன்றோடு இணையாத அவலம் அதனால் நேர்ந்தது. இதற்கு முடிவு காண, ஐரோப்பியச் செவித்துணைக் கருவி உற்பத்தியாளர் சங்கம் 2014இல் புளூடூத் குழுமத்துடன் உடன்பாடு செய்துகொண்டு பொதுத் தரநிலை ஒன்றைக் கோரியது. செவித்துணைக்கென்று தொடங்கிய அக்கோரிக்கையே நாளடைவில் எல்லா ஹெட்போன்களுக்கும் உரிய ‘எல்இ ஆடியோ’வாக விரிந்தது. இன்று இளைஞர்களின் காதில் ஒலிக்கும் புதிய முறையின் தோற்றுவாய் காது கேளாதோரின் தேவை என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. அதைச் சொல்வது கடமை.

எல்இ ஆடியோவின் அடித்தளம் 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட புளூடூத் 5.2 பதிப்பில் அமைந்தது. அதில் வகுக்கப்பட்ட ‘நேரம் தவறா வழி’ ஒவ்வொரு பொதிக்கும் ஒரு காலக்கெடுவை விதிக்கிறது. கெடுவுக்குள் வந்துசேராத பொதியை மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிராமல் விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்கிறது. கடிதத்துக்குத் தாமதம் பொறுக்கலாம். உரையாடலுக்குத் தாமதமே பிழை என்ற உண்மையை இந்த ஏற்பாடு தரநிலைக்குள்ளேயே எழுதிவைத்தது. இடக்காதுக்கும் வலக்காதுக்கும் தனித்தனி வழிகளை ஒரே கால அளவில் பிணைத்து அனுப்புவதும் இதனால் இயன்றது. பழைய முறையில் ஒரே பெறுகருவிக்குத்தான் ஒலி செல்லும் என்பதால், கம்பியில்லா இயர்பட் இணைகள் ஒரு காதில் வாங்கி மற்றக் காதுக்குக் கடத்துவது போன்ற தந்திரங்களை ஒவ்வொரு நிறுவனமும் தன்போக்கில் செய்துகொண்டிருந்தன. தலைக்குக் குறுக்கே அலையைக் கடத்துவது எவ்வளவு கடினம் என்பது மேலே உடலைப் பற்றிச் சொன்னதிலிருந்தே விளங்கும்.

புதிய குறியாக்கி எல்சி3 ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனமும் எரிக்சனும் சேர்ந்து ஆக்கியது. அதன் வரையறை 2020 செப்டம்பரில் வெளியானது. ஒலியை 7.5 அல்லது 10 மில்லிநொடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண்கள் எவ்வளவு வலிமையோடு உள்ளன என்று கணக்கிட்டு, வலுவான ஒலியின் நிழலில் மறைந்து காதுக்குப் புலப்படாத பகுதிகளுக்குக் குறைந்த பிட்டுகளையும் புலப்படும் பகுதிகளுக்கு மிகுந்த பிட்டுகளையும் ஒதுக்குவது அதன் வேலை. எஸ்பிசி 345 கிலோபிட்டில் தந்த இசைக்குத் தாழாத தரத்தை எல்சி3 அதில் பாதிக்கும் குறைவான 160 கிலோபிட்டில் தந்தது என்று புளூடூத் குழுமம் வெளியிட்ட கேட்பு ஆய்வுகள் காட்டின. இசை விரும்பிகளுக்கு இது மகிழ்ச்சியான செய்தியாக இருக்கலாம். பேச்சுக்கு இதன் பொருள் ஆழமானது. விரிந்த பட்டைக் குரலை எல்சி3 ஏறத்தாழ 32 கிலோபிட்டில் கொண்டு செல்வதால், முன்பு ஒருமுறை அனுப்பிய நேரத்தில் இருமுறை அனுப்பவும், அதனால் நெரிசலிலும் சொல் சிதையாமல் காக்கவும், அல்லது மிச்சமான மின்சாரத்தைக் காது மெஷினின் மின்கலத்துக்கே விட்டுவைக்கவும் முடிகிறது. எது தேவையோ அதைக் கருவி செய்பவர் தேர்ந்துகொள்ளலாம். பழைய வகை ஹெட்செட்டுகளையும் மறக்காமல், பேச்சுக்கான பழைய ஒழுங்குமுறையின் 1.9 பதிப்பில், அதே 64 கிலோபிட் வழிக்குள் 32 கிலோஹெர்ட்ஸ் மாதிரியெடுப்பை எல்சி3 கொண்டு அடக்கிவிட்டார்கள். ‘ஸ்’ ஒலிக்குத் தன் முழு உருவமும் பழைய வகை ஹெட்செட் அழைப்பிலும் கிடைக்க இதனால் வழி ஏற்பட்டது. எல்இ ஆடியோவில் இசைக்கொன்று பேச்சுக்கொன்று என இருவேறு குறியாக்கிகள் இல்லை. இரு திசை வழியும் ஒரே அடித்தளத்தின் மீது அமைவதால், அழைப்பு வந்ததும் தரம் படியிறங்கும் நிலையும் மறைகிறது.

இங்கே மிகைப்படுத்தலுக்கு இடந்தராமல் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மயிரணுக்கள் சிதைந்த காதுக்கு விரிந்த பட்டை தானாகவே விரிந்து கேட்டுவிடாது. 4 கிலோஹெர்ட்ஸை ஒட்டி உணர்வே குன்றியவருக்கு அப்பகுதியை அளவறிந்து வலுப்படுத்தித் தரும் கருவியும், அதைச் செவிச் சோதனையின் வரைபடத்துக்கேற்பப் பொருத்தும் செவியியல் வல்லுநரும் வேண்டும். அப்படிப் பொருத்திய பின்னும், காது மெஷின் அணிந்தவருக்கு மிகப் பெரிய பகை சுற்றுப்புற இரைச்சலே. மின்விசிறியும் குக்கரும் தெருவும் ஒலிவாங்கிக்குள் புகும்போது கருவி அவற்றையும் சேர்த்தே பெருக்குகிறது. பேசுபவரின் குரலை வானொலி அலையில் நேராகக் கருவிக்குள் இறக்கினால் இரைச்சல் இடையில் கலப்பதில்லை. அழைப்பின் ஒலி இரு காதுகளிலும் ஒருசேர ஒலிப்பதும் சொல் விளங்குவதற்குத் துணை செய்கிறது. ஒலிப்பட்டையின் விரிவைக் காட்டிலும் இந்த நேரடி வழியே முதியவர்களுக்குக் கூடுதல் பயன் தருவது.

எல்இ ஆடியோவின் இன்னொரு பகுதி ஊரிகத்துக்கு இன்னும் நெருக்கமானது. 2022இல் ‘ஆராகாஸ்ட்’ என்று பெயரிடப்பட்ட ஒலிபரப்பு முறையில், ஓர் அனுப்புகருவி யாரோடும் இணை சேராமல் ஒலியை வெளியிட்டுக்கொண்டேயிருக்க, சுற்றியுள்ள எத்தனை பேரும் தத்தம் இயர்பட்டிலோ காது மெஷினிலோ அதைப் பிடித்துக்கொள்ளலாம். கேட்பவர்களின் எண்ணிக்கை கூடுவதால் அனுப்புகருவிக்குச் சுமை கூடுவதில்லை. ஒரே ஒலிபரப்பில் பல தடங்களை ஒருசேர அனுப்ப இடமிருப்பதால், ரயில் நிலைய அறிவிப்பு ஒன்று கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெவ்வேறு தடங்களில் சென்று, கேட்பவர் விரும்பிய மொழியை எடுத்துக்கொள்ளும்படி அமைக்க முடியும். ஒலிபெருக்கியில் நான்கு மொழிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தீர்வதற்குள் ரயில் நகர்ந்துவிடும் நிலை அப்போது இராது.

பொதுப்பேச்சு என்பது இந்நகரத்தின் பண்பாட்டில் ஆழமாக ஊன்றியது என்பதால் இதன் பயன் ரயில் நிலையத்தோடு நின்றுவிடாது. அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சங்கக் கிளைகளைப் பெற்றது. அவருடைய எழுத்துகளைப் பின்னாளில் நூல்களாக அச்சிட்டுப் பரப்பியது தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை. தொழிற்சங்கக் கூட்டம், திருச்சபை வழிபாடு, பௌத்த சங்கச் சொற்பொழிவு, திராவிட இயக்க மேடை என்று பேச்சைக் கேட்டே அறிவையும் உரிமையையும் வளர்த்துக்கொண்ட உழைக்கும் மக்கள் இங்கே வாழ்ந்தார்கள், வாழ்கிறார்கள். அவர்களுள் முதியவர் ஒருவர் முன்வரிசையில் அமர்ந்தும் சொல் விளங்காமல் எழுந்துபோவது, நூலகத்தின் கதவு ஒருவருக்கு மட்டும் சாத்தப்படுவதற்கு நிகரான இழப்பு. மேடையின் ஒலிவாங்கியிலிருந்து ஒரு கம்பியை ஆராகாஸ்ட் அனுப்புகருவிக்கு இழுத்துவிட்டால், பேச்சாளரின் குரல் எதிரொலியும் கூட்டத்தின் சலசலப்பும் கலவாமல் அவர் காதுக்குச் சேரும். வளையக் கம்பியைத் தரையில் பதிப்பதற்கு ஆகும் கட்டடச் செலவு இதற்கு இல்லை.

இந்தத் தொழில்நுட்பத்தை அயல்நாட்டுப் பொருளாக மட்டும் எண்ணுவதற்கும் காரணமில்லை. ஊரிகத்து ரயில் சென்று சேரும் பெங்களூரில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1985இலேயே சிப் வடிவமைப்பு மையத்தைத் தொடங்கியது. 1999இல் அங்கு நிறுவப்பட்ட மைண்ட்ட்ரீ, புளூடூத்துக்கான மென்பொருள் அடுக்குகளை எழுதி உலகெங்கும் உரிமம் கொடுத்த முன்னோடிகளுள் ஒன்று. 1965இல் மைசூரில் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் செவிச் சோதனையிலும் கருவி பொருத்துதலிலும் நாட்டுக்கே வழிகாட்டும் நிலையம். சிப்பை வடிவமைப்பவர், மென்பொருளை எழுதுபவர், செவியை அளப்பவர் ஆகிய மூவகை வல்லுநர்களும் ஒரே மாநிலத்தில், தங்கவயலிலிருந்து ஒருநாள் பயணத்துக்குள் இருக்கிறார்கள். அவர்களை ஒருங்கிணைக்கும் கோரிக்கை மட்டுமே மேலெழ வேண்டியிருக்கிறது.

தடைகளும் கண்கூடானவை. எல்இ ஆடியோ இயங்குவதற்குக் கைப்பேசியின் சிப், இயங்குதளம், காதுக்கருவி ஆகிய மூன்றும் அதை ஏற்க வேண்டும். ஆண்ட்ராய்டு 2022இல் வந்த 13ஆம் பதிப்பிலேயே அதற்கு இடமளித்தது என்றாலும், இயங்குதளம் புதிதாயினும் சிப் பழையதாயின் பயனில்லை. பெட்டியின் மேல் ‘புளூடூத் 5.3’ என்று அச்சிட்டிருப்பதால் மட்டும் எல்இ ஆடியோ உள்ளே இருப்பதாகக் கொள்ளவும் கூடாது. அடிப்படைப் பதிப்பின் பல கூறுகள் உற்பத்தியாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டவை. வாங்குபவர் கேட்க வேண்டியது பதிப்பு எண்ணை அன்று, எல்இ ஆடியோவும் ஆராகாஸ்ட்டும் உண்டா என்பதைத்தான். இளைஞர்களின் காதுகளுக்கும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது: 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்பது செவிக்குத் தீங்கு என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2018இல் வகுத்த பொதுத் தரநிலை கூறுகிறது. ஒலியளவு மூன்று டெசிபெல் கூடினால் அந்த நேரம் பாதியாகிறது. தண்டவாள ஓசையை மீறிக் கேட்பதற்காக ஒலியைக் கூட்டிக்கொண்டு, போகும்போதும் வரும்போதுமாக நாள்தோறும் சில மணி நேரம் பயணம் செய்பவர் அந்த எல்லையை எளிதில் தாண்டிவிடுவார். தந்தையின் செவியைத் துளைக்கருவி தேய்த்த அதே 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியிலேயே மகனின் தேய்மானமும் தொடங்கும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் நடுவண் அரசின் ‘அடிப்’ திட்டம் 1981 முதல் செயல்பட்டு வருகிறது. செவித்துணைக் கருவிகள் அதன் வழியே பல்லாயிரம் பேரைச் சென்றடைகின்றன. காலமெல்லாம் மண்ணுக்கடியில் உழைத்தவர்களுக்கு அத்தகைய திட்டத்தில் கிடைக்கும் கருவி, அடுத்த பத்தாண்டுக்கு அவர்கள் வீட்டு அழைப்புகளையும் ஊர்க் கூட்டங்களையும் கேட்கப் போகும் கருவி என்பதால், கொள்முதல் நிபந்தனைகளில் எல்இ ஆடியோவையும் ஆராகாஸ்ட் பெறும் திறனையும் சேர்க்கக் கோருவது நியாயமான கோரிக்கை. நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் சமுதாயக் கூடங்களிலும் அனுப்புகருவி வைப்பதற்கு அலைவரிசை உரிமம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டின் விதி அதற்கு விலக்களித்திருக்கிறது, கருவிக்குரிய ஒப்புதலை உற்பத்தியாளரே பெற்றிருக்க வேண்டும். எல்லாருக்கும் உரிய அறிவிப்பைத் திறந்த ஒலிபரப்பாகவும், மருத்துவர் அறையின் உரையாடலைக் கடவுச்சொல் இட்டு மறைத்த ஒலிபரப்பாகவும் வைத்துக்கொள்ளத் தரநிலையிலேயே ஏற்பாடு உண்டு. தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மண்டபத்துக்குப் புதிய ஒலிபெருக்கி வாங்கும்போதோ, ஊரிகம் நிலையத்தின் அறிவிப்பு அமைப்பைப் புதுப்பிக்கும்போதோ, விலைப்புள்ளி கோரும் படிவத்தில் இந்தத் திறனையும் ஒரு வரியாகச் சேர்த்து எழுதினால் போதும்.